வேலையை விடும்போது வரும் மனச்சுமைக்கு ஓர் ஆலோசகர்: கோவையில் பெற்ற சேவை பற்றி

கூடுதல் சம்பளத்துக்காக வேறு வேலைக்குப் போவது என்று முடிவெடுத்த பிறகும், அதை இப்போதைய முதலாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் தவிப்பவர்களுக்கென்று கோவையில் ஒருவர் தனி ஆலோசனை வழங்கி வருகிறார். நூற்பாலை ஒன்றின் பணியாளர் துறையில் நெடுங்காலம் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி அவர். விளம்பரத்தை அவர் விரும்பாததால் பெயரையும் முகவரியையும் இங்கே எழுதவில்லை. ஓர் அமர்வு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நடக்கும். கட்டணம் 1,500 ரூபாய். அவர் வேலை தேடித் தருவதில்லை, சுயவிவரம் எழுதித் தருவதுமில்லை. வேலையை விடுவதில் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதைத் தெளிவாக்கித் தருவது ஒன்றே அவருடைய சேவை. அதை மிக நன்றாகச் செய்கிறார் என்பது என் மதிப்பீடு.

இப்படி ஒரு சேவை ஏன் தேவைப்படுகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். கோவையின் பம்ப், ஃபவுண்டரி, கிரைண்டர் தொழில்களில் பெரும்பாலானவை குடும்பத்தார் நடத்தும் சிறு, நடுத்தர நிறுவனங்கள். முதலாளி காலையில் தானே மோல்டிங் பகுதிக்கு வந்து நிற்பார். வேலையாள் வீட்டுத் திருமணத்துக்குக் குடும்பத்தோடு வந்து மொய் எழுதுவார். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில் கேட்டால் மறுக்காமல் அட்வான்ஸ் கொடுப்பார். என்னைப் பாலிடெக்னிக் முடித்த கையோடு சேர்த்துக்கொண்டு, ஏழாண்டுகளில் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்புவரை உயர்த்தியவர் அப்படிப்பட்ட ஒருவர்தான். என் அப்பாவின் இதய அறுவைச் சிகிச்சைக்கு இரவோடு இரவாகப் பணம் புரட்டிக் கொடுத்தவரும் அவரே. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாக ஆலை எனக்கு 28,000 ரூபாய்க்குப் பதில் 45,000 ரூபாய் தருவதாகச் சொன்னபோது, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்த எனக்கு மகிழ்ச்சியைவிட மனக்குறுகல்தான் முதலில் வந்தது.

குற்ற உணர்வு தேவையற்றது, உன் வாழ்க்கையை நீ பார் என்ற பொதுவான ஆறுதலை இந்த ஆலோசகர் சொல்வதே இல்லை. குற்ற உணர்வுக்குக் காரணம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறார். கணக்கு நோட்டு ஒன்றை விரித்து, முதலாளி நமக்குச் செய்தவற்றையெல்லாம் ஒன்று விடாமல் எழுதச் சொல்கிறார். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது சம்பளமா, சட்டப்படியான உரிமையா, கைமாற்றா, அன்பினால் செய்த உதவியா என்று குறிக்கச் சொல்கிறார். நான் எழுதிய பட்டியலில் தீபாவளி போனஸும் இருந்தது. போனஸ் வழங்குவதை 1965ஆம் ஆண்டின் சட்டமே கடமையாக்கியது என்றும், தகுதியுள்ளவர்களுக்குக் குறைந்தபட்சமே 8.33 சதவீதம் என்றும் சொல்லி, அதை அன்பு என்ற பிரிவிலிருந்து அடித்துவிட்டார். மருத்துவமனைக்குக் கொடுத்த பணத்தில் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யப்பட்ட பகுதி போக மீதி எவ்வளவு என்று கேட்டார். வேலையை விடும் நாளுக்குள் அதைத் தீர்க்கும் வழியையும் அங்கேயே எழுத வைத்தார். இவ்வளவும் கழிந்த பிறகு அன்பின் பக்கத்தில் இரண்டு வரிகள் மட்டுமே மிஞ்சின: அந்த இரவில் அவர் தாமே மருத்துவமனைக்கு வந்து உட்கார்ந்திருந்தது, ஒன்றும் தெரியாத காலத்தில் பொறுமையாகத் தொழில் கற்றுக் கொடுத்தது. "இந்த ரெண்டும் பெரிய விஷயம் தம்பி, ஆயுசுக்கும் மறக்காதீங்க. ஆனா இதைக் குறைஞ்ச சம்பளத்துல வேலை பார்த்துத்தான் அடைக்கணும்னு அவர் சொன்னாரா, நீங்களா நினைச்சுக்கிட்டீங்களா?" என்று அவர் கேட்ட கேள்விக்காகவே அந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம்.

இந்தக் கணக்கில் என்னை மிகவும் தொட்டது பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் தர வேண்டிய கிராஜுவிட்டித் தொகை பற்றிய பகுதி. விட்டுப் போகிறவன் கிராஜுவிட்டியை வேறு கேட்பதா என்ற கூச்சத்தில் அதைக் கேளாமலே வெளியேறுகிறவர்கள் எங்கள் வட்டாரத்தில் ஏராளம். ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவர் தானாக ராஜினாமா செய்தாலும் அது அவருக்குச் சேர வேண்டியதே. கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் மீண்டும் பெருக்க வேண்டும் என்ற கணக்கை 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வகுத்தது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால் ஏழாண்டுகளுக்கு ஏறக்குறைய 60,577 ரூபாய் வரும். குற்ற உணர்வின் விலையாக இதை விட்டுக்கொடுப்பது நன்றிக்கடனைத் தீர்ப்பதாகாது, கணக்கைக் குழப்புவதே ஆகும் என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். வருங்கால வைப்பு நிதியை அவசரப்பட்டு எடுக்காமல், அதே யூஏஎன் எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத வைப்பு நிதி எண்) புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும்படியும், ஐந்தாண்டு நிறைவதற்குள் எடுத்தால் வரி வரக்கூடும் என்றும் எச்சரிக்கிறார்.

வேலையை விடுவது பற்றிய நிபந்தனைகளுக்குக் கட்டுப்படுவதாகப் பாண்டு எழுதிக் கொடுத்திருப்பவர்களிடம் அவர் காட்டும் நிதானம் பாராட்டத்தக்கது. ஒருவர் வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனைகளை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு பொதுவாக ஏற்பதில்லை. இதை வைத்துக்கொண்டு எந்தப் பாண்டும் செல்லாது என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். ஆனால் சேர்ந்து மூன்றாண்டு முடிவதற்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்த நிபந்தனையை 2025இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆகவே கையெழுத்திட்ட தாளைக் கொண்டுவந்து காட்டாமல் அவர் எதுவும் சொல்வதில்லை. சிக்கல் இருந்தால் வழக்கறிஞரிடம் அனுப்பிவிடுகிறார்.

இரண்டாம் அமர்வு முழுவதும் ஒத்திகை. அவர் முதலாளியாக உட்கார்ந்துகொள்ள, நாம் எதிரில் நின்று சொல்ல வேண்டும். "ஏங்கண்ணு, நான் உனக்கு என்ன கொறை வெச்சேன்?" என்று அவர் கொங்குத் தமிழில் கேட்டபோது, அது ஒத்திகை என்று தெரிந்தும் எனக்குத் தொண்டை அடைத்தது. "ஒரு கொறையும் இல்லீங்கய்யா, சம்பளம் கூட வருதுங்க, வீட்டுக்கு அது தேவைப்படுதுங்க" என்ற ஒரே பதிலை, குரல் தடுமாறாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சொந்த ஊருக்கே போகிறேன் என்றெல்லாம் சாக்குச் சொல்லிவிட்டுப் போவதை அவர் அறவே அனுமதிப்பதில்லை. எல்லாரும் எல்லாரையும் அறிந்த தொழிலில் அந்தப் பொய் ஒரு மாதத்துக்குள் வெளிப்பட்டுவிடும். வேலையை விட்டதற்கான உறுத்தல் ஆறிப்போனாலும், பொய் சொன்னதற்கான உறுத்தல் ஆறாது. "அஞ்சாயிரம் சேர்த்துத் தர்றேன், இரு" என்று முதலாளி சொன்னால் என்ன செய்வது என்பதையும் அறைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளச் சொல்கிறார். பழக்கத்தின் பிடியில் அந்த நொடியில் எடுக்கும் முடிவு இரு பக்கத்துக்கும் நல்லதல்ல என்பது அவருடைய அனுபவம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. நேரில் பேசியபோது என் முதலாளி வருத்தப்பட்டார், கோபப்படவில்லை. அடுத்து வருபவருக்கு ஆய்வுக் கருவிகளையும் பதிவேடுகளையும் பழக்கிக் கொடுத்துவிட்டே போவதாக நான் எழுத்தில் தந்த உறுதியை அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாளியைப் பற்றிய உறுத்தலை இவ்வளவு நுணுக்கமாக அணுகுகிறவர், உடன் வேலை செய்தவர்கள்மீது வரும் உறுத்தலைப் போகிற போக்கில் கடந்துவிடுகிறார். என் வேலையும் சேர்ந்து யார் தலையில் விழப் போகிறதோ, அந்த உதவியாளரை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு அவரிடம் "அது நிறுவனத்தின் பொறுப்பு" என்பதைத் தாண்டிப் பதில் இருக்கவில்லை. ராஜினாமா கடிதத்துக்கான மாதிரி ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. தமிழில் எழுதிப் பழகியவர்கள் இன்னொருவரின் துணையை நாட வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அமர்வுகள் வார நாட்களில் காலையில் மட்டுமே நடக்கின்றன. ஷிப்டில் வேலை செய்பவர் காரணம் சொல்லாமல் விடுப்பு எடுத்துத்தான் வர முடியும் என்பதால், ஞாயிற்றுக்கிழமையில் சில மணி நேரமாவது அவர் ஒதுக்க வேண்டும்.

போகலாமா வேண்டாமா என்று இன்னும் தீர்மானிக்காதவர்களுக்கு இந்தச் சேவை அவ்வளவாகப் பயன்படாது. அந்தத் தீர்மானத்தில் அவர் தலையிடுவதில்லை. முடிவெடுத்துவிட்டு வாய் திறக்க முடியாதவர்கள் தயங்காமல் போகலாம். கையில் பணம் குறைவாக இருந்தால் முதல் அமர்வு மட்டுமே போதும், ஒத்திகையை வீட்டில் அண்ணனையோ மனைவியையோ உட்கார வைத்துச் செய்துகொள்ளலாம். போகும்போது பணி நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வைப்பு நிதிப் பாஸ்புக், அட்வான்ஸ் வாங்கிய கணக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இவை இல்லாமல் போனால் முதல் அரை மணி நேரம் தொகைகளை நினைவுபடுத்திப் பார்ப்பதிலேயே கழிந்துவிடும்.