மலைப்பாதையில் மின்சைக்கிள்: பேர்னில் நான்கு வருடங்களுக்குப் பிறகு

மின்சார மலைச் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்றுதான். மலைநாட்டில் கிலோமீட்டர்க் கணக்கு உதவாது. எத்தனை மீட்டர் உயரம் ஏறும் என்று கேளுங்கள்.

என்னுடையதை 2021 வசந்த காலத்தில் சுவிஸ் தலைநகர் பேர்னில் வாங்கினேன். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், பெடல் அச்சில் அமைந்த நடுமோட்டார், 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 625 வாட்-மணி பற்றரி, மொத்த எடை 24 கிலோ. விலை 6,000 பிராங்கை நெருங்கியது. குர்ட்டன், உல்மிட்ஸ்பேர்க், பன்டிகர் என்று நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில்தான் பெரும்பாலும் ஓடுகிறேன்.

நானும் வண்டியும் முதுகுப்பையும் சேர்ந்தால் 110 கிலோ. அந்தப் பாரத்தை 100 மீட்டர் உயர்த்தவே 30 வாட்-மணி சக்தி வேண்டும். காலும் மோட்டாரும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மண்பாதையின் உராய்வும் மோட்டாரில் வெப்பமாகப் போகும் இழப்பும் தனிக்கணக்கு. மோட்டார் குறைவாக உதவும் ஈகோ நிலையில் 2,000 மீட்டர் ஏறிவிட்டு மிச்சச் சார்ஜுடன் வீடு திரும்பியிருக்கிறேன். முழு உதவி தரும் டர்போவிலேயே ஏறினால் 1,200 மீட்டரைத் தாண்டுவது அரிது. குர்ட்டன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 858 மீட்டர். அடிவாரத்து வாபெர்னிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் ஏற்றம். ஆகவே அதில் ஒரு நாளில் மூன்று நான்கு தடவை ஏறி இறங்க இந்தப் பற்றரி தாராளமாகப் போதும்.

மோட்டார் இருந்தால் உடற்பயிற்சி எங்கே என்பார்கள். ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். கால் அழுத்தாவிட்டால் மோட்டார் அசையாது. ஐம்பதைக் கடந்த என் முழங்கால்கள் சாதாரணச் சைக்கிளில் அந்தச் செங்குத்துக் காட்டுப்பாதையைத் தாங்கியிருக்காது; இதில் வியர்க்க வியர்க்க ஏறுகிறேன், மறுநாள் வேலைக்கும் போகிறேன். எனக்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

செயினைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. வண்டியின் ஆயுளும் செலவும் அதில்தான் இருக்கின்றன. மனிதக் காலுக்கென்று வடிவமைத்த மெல்லிய பன்னிரண்டு கியர்ச் செயினில் காலின் விசையும் மோட்டாரின் விசையும் ஒன்றாக இறங்குகின்றன. ஏற்றத்தின் நடுவே, முழு அழுத்தத்தில் கியரை மாற்றினால் 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது பற்சக்கரத்தின் ஓரத்தைச் செயின் கடித்து இழுக்கும் சத்தம். மாற்றுவதற்குச் சற்று முன்பு இரண்டு மிதி பலமாக மிதித்து வேகம் எடுத்துக்கொள்ள வேண்டும்; பிறகு அரைச் சுற்றுக்குக் காலைத் தளர்த்தி, அந்த இடைவெளியில் கியர் நெம்புகோலைத் தட்ட வேண்டும். செயின் சத்தமில்லாமல் அடுத்த பல்லில் உட்காரும். கையும் காலும் இதற்குப் பழக ஒரு கோடைக்காலம் பிடிக்கும்.

தேய்மானம் பார்க்கும் சிறு உலோக அளவுகோல் சில பிராங்குக்குக் கிடைக்கிறது. 0.5 என்ற முனை செயினுக்குள் முழுமையாக இறங்கிவிட்டால் அன்றே செயினை மாற்றிவிடுகிறேன். எனக்கு அது ஏறக்குறைய 1,200 கிலோமீட்டரில் வருகிறது. சேற்றில் ஓடிய குளிர்காலங்களில் இன்னும் முன்னதாக. தள்ளிப்போட்டால், நீண்டுபோன செயின் பின்பற்சக்கரத் தொகுதியையும் தின்றுவிடும். அதன் விலை செயினைப் போலப் பல மடங்கு.

அடுத்தது பிரேக். 24 கிலோ வண்டி இறக்கத்தில் எடுக்கும் வேகத்தை அடக்கப் பெரிய தட்டு வேண்டும். முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர், நான்கு பிஸ்டன். ரெசின் கட்டைகள் நீண்ட இறக்கத்தில் சூடாகிப் பிடி தளர்ந்ததால் உலோகக் கலவைக்கு மாறினேன். மழையில் கத்தும், ஆனால் பிடிக்கும். 1.8 மில்லிமீட்டராக இருந்த தட்டு 1.5 ஆகிவிட்டால் கழற்றிவிட வேண்டும். முன்சஸ்பென்ஷனின் கீழ்க்கால்களுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவதை வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். டியூப் இல்லாத ரயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் சில மாதங்களில் காய்ந்துபோகும். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் புதிதாக ஊற்றிவிடுவேன்.

குறைகளும் உண்டு. மிதிக்காமல் கற்பாதையில் இறங்கும்போது மோட்டாருக்குள் 'கடகட' என்று ஓர் ஆட்டம் கேட்கிறது. அது கோளாறல்ல, உள்ளிருக்கும் ஒருவழிப் பூட்டின் இடைவெளி என்கிறார் கடைக்காரர். ஓட்டத்தில் எந்தப் பாதிப்பும் இல்லை, ஆனால் இந்த விலைக்கு அந்தச் சத்தம் வரக்கூடாது. சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டவுடன் மோட்டார் விலகிக்கொள்ளும். அதற்கு மேல் முழுப் பாரமும் காலில்தான். ஒரு தடவை காட்டுக்குள் மரக்கிளை பட்டு, பின்சக்கரக் கம்பியில் இருந்த சிறு காந்தம் நகர்ந்துவிட்டது. வேகத்தை அளக்க முடியாமல் மோட்டார் ஓய்ந்துபோயிற்று. காந்தத்தை உணரிக்கு நேரே தள்ளியதும் எல்லாம் சரி. மோட்டார் திடீரென்று நின்றால் பயப்படுவதற்கு முன் அந்தக் காந்தத்தைப் பாருங்கள்.

கழுவுவதற்கு வாளியும் தூரிகையும் போதும். அழுத்தநீர்க் குழாயை அருகில் கொண்டுபோகாதீர்கள். பேரிங்குகளுக்குள் நீர் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். குளிர்காலத்தில் பற்றரி வீட்டுக்குள் வந்துவிடும். பூச்சியம் பாகைக்குக் கீழான குளிரில் அதைச் சார்ஜ் செய்யவே கூடாது. நீண்டநாள் ஓடாமல் வைப்பதென்றால் 30 முதல் 60 சதவீதச் சார்ஜில் வைக்க வேண்டும். மின்செலவு பற்றிக் கவலை வேண்டாம்: முழுச் சார்ஜுக்கு முக்கால் யூனிட் கூட ஆவதில்லை. யானையைக் கட்டித் தீனி போடும் கதையல்ல இது. செலவெல்லாம் தேயும் உதிரிப் பாகங்களுக்குத்தான்.

சுவிஸில் 2022 ஏப்ரல் 1 முதல் மின்சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிய ஓட வேண்டும். மலைச் சைக்கிளுக்குப் பெரும்பாலும் விளக்கு வருவதில்லை. தனியாக வாங்கிப் பூட்டினேன். ரயிலில் ஏற்றும்போது பற்றரியைக் கழற்றிப் பையில் வையுங்கள், மூன்றரைக் கிலோ குறையும். கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் கொண்டுபோகலாமா என்று மைத்துனர் கேட்டார். பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பற்றரிக்கு இடமில்லை. எனவே அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

பழைய வண்டி வாங்குபவர்கள் மீட்டரில் தெரியும் கிலோமீட்டரோடு நின்றுவிட வேண்டாம். பற்றரி எத்தனை முழுச் சுற்று சார்ஜ் ஆகியிருக்கிறது, இப்போது எவ்வளவு கொள்ளளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அங்கீகரிக்கப்பட்ட கடைக்காரர் தம் கணினியில் இணைத்துப் பார்த்து அச்சிட்டுக் கொடுப்பார். அந்தத் தாளைக் காட்டாத விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.