பத்து மாதம் சுமந்த பைகள்: எகிப்தில் கடைசி 34 நாள்

புதுப் பை வாங்கிய முதல் வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்களை நான் நம்புவதில்லை. அப்போது எல்லாப் பையும் நல்ல பைதான். ஜிப் வழுக்கிக்கொண்டு போகும், பட்டை தோளில் பஞ்சு மாதிரி உட்காரும். பத்தாவது மாதத்தில் கேட்க வேண்டும். அதனால்தான் வீடு திரும்பிய பிறகு சாவகாசமாக இதை எழுதுகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் 2023 ஜூன் மாதம் கிளம்பினோம். வியட்நாம், லாவோஸ், உஸ்பெகிஸ்தான், ஜார்ஜியா, துருக்கி, ஜோர்டான் என்று சுற்றிவிட்டு, 2024 மார்ச் 2 அன்று அகபாவிலிருந்து கப்பலேறி எகிப்தில் நுவைபா துறைமுகத்தில் இறங்கினோம். எகிப்துதான் கடைசி நாடு. ஏப்ரல் 4 கெய்ரோவிலிருந்து வீட்டுக்கு விமானம். ஆளுக்கு ஒரு பை, அவருடையது 45 லிட்டர், என்னுடையது 38. முதல் நாடுகளில் பையை பஸ் மேல் ஏற்றும்போது, "பார்த்து, பார்த்து" என்று கூடவே ஓடுவோம். எகிப்து வந்தபோது அந்தக் கவனமெல்லாம் போய்விட்டிருந்தது. எங்கே போட்டாலும் சரி என்கிற நிலை. பொருளுக்கு உண்மையான பரீட்சை அப்போதுதான் நடக்கிறது.

முதல் அடி பைக்கு அல்ல, பர்ஸுக்கு. சினாய்ப் பக்கம் தஹாப் என்கிற ஊரில் கடற்கரையோரம் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். மார்ச் 5ஆம் தேதி இவர் 200 டாலர் மாற்றிக்கொண்டு வந்தார், டாலருக்கு 31 பவுண்டு கணக்கில். மறுநாள் எகிப்து மத்திய வங்கி பவுண்டின் மதிப்பைச் சந்தையிடம் விட்டுவிட்டது. சாயந்திரத்துக்குள் டாலர் 50 பவுண்டுக்குப் போய்விட்டது. ஒரே ராத்திரிப் பொறுமையில் ஏறக்குறைய 3,800 பவுண்டு மிச்சமாகியிருக்கும். பக்கத்து அறைக்காரரிடம் இதைச் சொல்லிப் புலம்பினால், கேட்டுக்கொண்டிருந்த டீக்கடைப் பையன் அவன் சம்பளம் அதே ராத்திரியில் என்ன ஆயிற்று என்று விரலால் காட்டினான். அதற்கப்புறம் நாங்கள் புலம்பவில்லை.

ஷூவுக்கு வருகிறேன். இவருடைய மலையேற்ற ஷூ, நாங்கள் வாங்கியதிலேயே விலை அதிகமான பொருள். கம்பெனி பேர் வேண்டாம். சினாயில் இருக்கும் மூசா மலை 2,285 மீட்டர். நள்ளிரவு தாண்டி, பெதூயின் என்கிற பாலைவன மக்களில் ஒருவரான வழிகாட்டியுடன் ஏறி, உச்சியில் வாடகைக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சூரியன் வரும்வரை நடுங்கிக்கொண்டிருந்தோம். இறங்கும்போது ஒட்டகப் பாதை வேண்டாம், துறவிகள் போட்ட படிக்கட்டு வழியாகப் போகலாம் என்றார் இவர். 3,750 படி என்பார்கள். எந்தப் படியும் அடுத்த படி மாதிரி இருக்காது. பாதி தூரத்தில் 'சடக்' என்று ஒரு சத்தம். வலது ஷூவின் சோல் முன்பக்கம் முதலை மாதிரி வாயைப் பிளந்துகொண்டது. என் தலைமுடி ரப்பர் பேண்டு இரண்டையும், துணி காயப்போடும் நைலான் கயிற்றில் ஒரு முழத்தையும் வைத்துக் கட்டினோம். "ஏங்க, மெதுவா" என்று நான் ஒவ்வொரு படிக்கும் சொல்ல, "நீ முதல்ல உன் காலைப் பாரு" என்று அவர் சொல்ல, புனித கேத்தரின் மடத்தின் மதில் கண்ணில் படும்வரை அப்படியே இறங்கினோம்.

கெய்ரோவில் ஒரு நடைபாதைச் செருப்புத் தைப்பவரிடம் போனோம். அவர் ஷூவை வாங்கி, சோலை முழுசாக உரித்தார். உள்ளே கம்பெனி தடவியிருந்த பசை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதை எங்களிடம் காட்டி உதட்டைப் பிதுக்கினார். பிறகு கத்தியால் சுரண்டி, புதுப் பசை தடவி, சுத்தியலால் தட்டி, அதோடு விடாமல் மெழுகு பூசிய தடித்த நூலால் ஓரம் முழுக்கக் குத்தூசி போட்டுத் தைத்தார். நாற்பது நிமிடம். ரமலான் நோன்பு நேரம், வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தைத்தார். கேட்ட கூலிக்கு மேல் கொடுத்ததை எண்ணிப் பார்த்து மீதியைத் திருப்பித் தந்தார். எகிப்தில் அது எங்களுக்கு அடிக்கடி நடந்த விஷயம் இல்லை.

என் பையின் சிக்கல் ஜிப். மணல்தான் காரணம். சினாயில் ஜிப்பின் ஒவ்வொரு பல்லிலும் புகுந்த மணலை நான் உதறிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அஸ்வான் ரயில் நிலையத்தில் ஜிப் ஒருபக்கம் மூடினால் பின்னாலேயே திறந்துகொண்டு வந்தது. ஜிப் பல் கெடவில்லை, ரன்னர்தான் தேய்ந்து அகன்றுவிட்டிருந்தது. அஸ்வான் சந்தையில் மசாலா மூட்டைகளும் செம்பருத்திக் குவியல்களும் தாண்டி உள்ளே போனால் ஒரு தையல்காரர். புதுசு போடவில்லை, குறடால் ரன்னரின் இரண்டு பக்கத்தையும் லேசாக நசுக்கி, மெழுகுவர்த்தித் துண்டைப் பல் முழுக்கத் தேய்த்தார். இரண்டு நிமிட வேலை. இன்றுவரை ஓடுகிறது. பை வாங்கப் போகிறவர்கள் துணி கனத்தை விசாரிப்பதைவிட ரன்னரின் கனத்தை விசாரிப்பது நல்லது. கூடவே ஒரு மெழுகுவர்த்தி.

இனி, எடுத்துப் போனதற்காக எல்லாரும் எங்களைக் கேலி செய்த பொருள்: மாமியார் வீட்டு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மூடியில் பேர் வெட்டியது. கால் கிலோவுக்கு மேல் எடை. "பேக்பேக்கிங் போறீங்களா, ஸ்கூலுக்குப் போறீங்களா?" என்றார்கள். எகிப்தில், அதுவும் ரமலானில், அது இல்லாவிட்டால் பாதி நாள் பட்டினிதான். மார்ச் 11 முதல் நோன்பு. பகலில் கொஷரிக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சோறு, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை எல்லாம் ஒன்றாகப் போட்டு, மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும் பூண்டு வினிகரும் ஊற்றித் தரும் அந்தச் சாப்பாட்டுக்கு நாங்கள் இருவரும் அடிமை. திறந்திருக்கும் கடையில் வாங்கினாலும் நோன்பிருப்பவர்கள் முன்னால் உட்கார்ந்து சாப்பிட மனசு வராது. அதனால் ராத்திரியே வாங்கி வைத்துக்கொள்வோம்.

ஃபூல் என்கிற அவித்த பயறு விற்கும் கடை ராத்திரி ஒரு மணிக்கும் ஜேஜே என்று இருக்கும், விடிகாலைச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வாங்குவதால். கழுத்து குறுகி வயிறு பெருத்த அண்டாவில் மொச்சை மாதிரியான பயறு மணிக்கணக்காக வேகும். நீளக் கரண்டியை உள்ளே விட்டு எடுத்து ஊற்றி, எண்ணெய், சீரகம், எலுமிச்சை. அங்கே சனங்களே வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு வருகிறார்கள். நான் டிபன் பாக்ஸை நீட்டியதும் கடைக்காரர் சிரித்து, பிளாஸ்டிக் டப்பாவில் போடுவதைவிட ஒரு கரண்டி கூடவே போட்டார். மூடியில் வெட்டியிருந்த எழுத்தைத் தடவிப் பார்த்து, "ஹிந்தி?" என்றார். "இல்லை, தமிழ்" என்றேன். அவருக்கு அது ஒன்றும் புரியவில்லை. "அமிதாப் பச்சன்!" என்றார். எகிப்தில் இந்தியர் யார் போனாலும் இந்த வரவேற்பு உண்டு.

பாத்திரத்தில் பேர் எழுதுவது நமக்குப் புதுசில்லை, எகிப்துக்கும் புதுசில்லை. செங்கடல் கரையில் பழைய குசைர் துறைமுகத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமி என்கிற பழைய எழுத்தில் 'பானை ஒறி' என்று கீறியிருக்கிறது. உறியில் தொங்கவிடும் பானை என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். ஏறத்தாழ 2,000 ஆண்டு பழசு. அங்கே போவதாகத்தான் திட்டம். லக்சரில் களைத்துப் போய் விட்டுவிட்டோம். பத்தாவது மாதத்தில் திட்டங்களுக்கு அதுதான் கதி.

கெய்ரோவிலிருந்து அஸ்வானுக்கு ரயில், கிட்டத்தட்ட 880 கிலோமீட்டர். வெளிநாட்டவருக்கு டிக்கெட் விலை தனி. பகல் வண்டியில் போனோம். சாயந்திரம் நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியதும் பெட்டியே அமைதியாகிவிட்டது. எல்லார் மடியிலும் பொட்டலம், ஒருவரும் பிரிக்கவில்லை. எதிர் இருக்கை அம்மா தன் பேரீச்சம்பழத்தில் இரண்டை எங்களுக்கும் கையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். அழைப்பு கேட்ட அடுத்த நொடி பெட்டி முழுக்கப் பொட்டலம் பிரியும் சரசரப்பு.

அஸ்வானிலிருந்து கொம் ஒம்போவுக்கு இரண்டு ராத்திரி ஃபெலூக்கா என்கிற பாய்மரப் படகு. நைலின் சூட்சுமம் அங்கேதான் எங்களுக்குப் புரிந்தது. ஆறு வடக்கே ஓடுகிறது, காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது. தெற்கே போக வேண்டுமா, பாயை விரி. வடக்கே போக வேண்டுமா, நீரோட்டத்தோடு போ. நாங்கள் வடக்கே போனதால் காற்றை எதிர்த்துக் கரைக்குக் கரை குறுக்காக வெட்டி வெட்டிப் போனார் படகுக்காரர். படகில் இவர் கட்டியிருந்தது லுங்கி. கலாபியா என்கிற நீள அங்கி போட்டிருந்த நூபியப் படகுக்காரர் முதல் நாள் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் முடிச்சு எப்படி நிற்கிறது, உள்ளே பெல்ட் இருக்கிறதா என்று சைகையில் கேட்டார். இவர் அவிழ்த்துக் கட்டிக் காட்டப் போக, நான் மறுபக்கம் திரும்பிக் கரையில் கொக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். லுங்கிக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண். உடுப்பு, போர்வை, படகில் திரைச்சீலை, எல்லாமாக இருந்தது. காய்வதற்கு ஒரு மணி நேரம்.

துண்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. சீக்கிரம் காயும் என்று சொல்லி விற்ற மைக்ரோஃபைபர் துண்டு நாலாவது மாதமே புளித்த வாடை அடித்தது. வெந்நீரில் ஊறப்போட்டும் போகவில்லை. லக்சரில் கம்சீன் காற்று அடித்த நாளில் அதை மூக்கில் கட்டப் பார்த்தேன், மூச்சு முட்டியது. அரபியில் கம்சீன் என்றால் ஐம்பது. வசந்த காலத்தில் பாலைவனத்திலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வரும் காற்று. வானம் செங்கல் பொடி நிறமாகிவிட்டது, நைலின் மறுகரை காணோம். அன்று கைகொடுத்தது சாதாரணப் பருத்தித் துண்டு. நனைத்துப் பிழிந்து முகத்தில் சுற்றிக்கொண்டு அறை வந்து சேர்ந்தோம். பிழிந்தபோது வந்த தண்ணீர் டீ நிறம்.

சில்லறைப் பைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எகிப்தில் ஃபக்கா, அதாவது சில்லறை, இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான். கழிப்பறை, படகு, கோவிலில் கேட்காமலே வந்து விளக்கம் சொல்பவர், எல்லாருக்கும் பக்ஷீஷ், அதாவது இனாம். 200 பவுண்டு நோட்டை நீட்டினால் "மாஃபீஷ் ஃபக்கா", மீதி இல்லை. 5, 10, 20 நோட்டுகளைத் தனியே ஒரு சின்னப் பையில் போட்டு என் இடுப்பில் வைத்திருந்தேன். பேரம் பேசுவது அவர் வேலை, பணம் கொடுப்பது என் வேலை. ஒன்பது மாதம் நன்றாக ஓடிய ஏற்பாடு. லக்சர் படகுத்துறையில் 20 பவுண்டுக்காக இவர் பத்து நிமிடம் வாதாட, நான் பேசாமல் 20 பவுண்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அங்கேயே ஆரம்பித்த சண்டை நைலின் மேற்குக் கரை வரை ஓடியது. 20 பவுண்டு அன்றைய விலைக்கு ஏறக்குறைய 35 ரூபாய்தான். மறுநாள் கோவில், கல்லறை எதுவும் கிடையாது என்று முடிவு செய்து, மொட்டை மாடியில் செம்பருத்தி டீ குடித்துக்கொண்டு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தோம். நீண்ட பயணம் போகிறவர்கள் இந்த நாளைக் கடைசி மாதத்துக்கு முன்பே போட்டுவிடவும்.

அதற்கு அடுத்த நாள் தெய்ர் எல்-மதீனா. அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டியவர்களின் குடியிருப்பு. எனக்கு எகிப்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான், பிரமிடு அல்ல. மூன்றாம் ராம்சேஸ் என்கிற அரசர் ஆட்சிக்கு வந்த 29ஆம் ஆண்டில் கூலித் தானியம் வரவில்லை என்று இவர்கள் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று அதைச் சொல்கிறார்கள். கல் சில்லுகளில் இவர்கள் எழுதிவைத்தவை ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அதில் வெளுப்புக்குப் போட்ட துணிக் கணக்கு உண்டு. தேள் கடித்தது, பீர் காய்ச்சினேன் என்று வேலைக்கு வராத நாளுக்குக் காரணம் எழுதிய பட்டியலும் உண்டு. என் நோட்டிலும் கடைசிப் பக்கத்தில் அதேதான்: 'ஹனோய், லாண்டரி, சாக்ஸ் 1 குறைவு.'

மற்றவை சுருக்கமாக. தண்ணீர் வடிகட்டும் பாட்டில்: லாவோஸில் உயிர், எகிப்தில் சுமை, குளோரின் ருசி போகவே இல்லை. மேல் எகிப்தில், அதாவது தெற்குப் பக்கம், தெருவோரம் மண் சாடிகளில் தண்ணீர் வைத்திருப்பார்கள், நம் பானைத் தண்ணீர் வாசனை. வயிற்றுக்குப் பயந்து ஒரு வாய் மட்டும் குடித்தோம், ஒன்றும் ஆகவில்லை. நெற்றி விளக்கு: மூசா மலைக்கு மட்டும். வங்கி அட்டை: முக்கியமான தலங்களில் நுழைவுச்சீட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை, வேலை செய்யும் அட்டை குறைந்தது இரண்டு வைத்திருங்கள். ஊதும் தலையணை: துருக்கியிலேயே காற்றுப் போய்விட்டது.

கிளம்பும்போது 9.4 கிலோ இருந்த என் பை கெய்ரோ விமான நிலையத்தில் 6.9 காட்டியது. வடிகட்டும் பாட்டிலையும் மைக்ரோஃபைபர் துண்டையும் விடுதியிலேயே விட்டுவிட்டோம். அந்தத் துண்டு யாருக்காவது பயன்பட்டிருந்தால் ஆச்சரியம்தான்.

ஊர் வந்ததும் இவர் ஷூ கம்பெனிக்கு மெயில் போட்டார், இரண்டு வருட வாரண்டி இருக்கிறதே என்று. நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ கேட்டார்கள். அனுப்பினோம். அங்கீகாரம் இல்லாத இடத்தில் ரிப்பேர் செய்யப்பட்டிருப்பதால் வாரண்டி செல்லாது என்று பதில் வந்தது. அந்த ஷூவைத்தான் இன்னமும் காலையில் நடக்கப் போட்டுக்கொண்டு போகிறார். மேல்துணி கிழிய ஆரம்பித்துவிட்டது. கெய்ரோக்காரர் தைத்த சோல் அப்படியே இருக்கிறது.