கல்குவாரி வெடியால் வீடு விரிசல் விட்டவர்கள் கவனத்துக்கு

பர்கூர் பக்கம் எங்கள் ஊர். மாந்தோப்பைத் தாண்டினால் ஜல்லிக் குவாரி. மதியம் வெடி வைக்கும்போது அலமாரியில் இருக்கும் பித்தளைச் சொம்புகள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலக்கும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பார். ஜன்னல் மூலையில் மயிரிழையாகக் கிளம்பிய விரிசல் ஒரே மழைக்காலத்தில் லிண்டல் வரை ஏறியது. தீக்குச்சியைச் செருகினால் உள்ளே போய்விடும் அளவுக்கு வாய் பிளந்தது.

அந்த நேரத்தில்தான், உறவுக்காரர் ஒருவர் சொல்லி, இடைத்தரகர் ஒருவர் வந்தார். "அதிர்வை யாராலும் அளந்து நிரூபிக்க முடியாது அம்மா, கோர்ட்டுக்குப் போனால் காலம்தான் போகும். குவாரியிடம் நான் பேசி இழப்பீடு வாங்கித் தருகிறேன்" என்றார். செலவுக்கென்று 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். மனு எழுத வேண்டும் என்று சொல்லி, பாதி எழுதிய முத்திரைத்தாளில் அம்மாவின் கையெழுத்தை வாங்கினார். நான் அன்று ஓசூரில் வேலையில் இருந்தேன். இதை நினைக்காமல் ஒரு நாளும் தூங்கியதில்லை.

அதைவிடக் கொடுமை அடுத்தது. பழுதுபார்த்த ரசீது இருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும் என்று சொல்லி, அவரே ஒரு கொத்தனாரை அனுப்பி விரிசலை எல்லாம் பூசவைத்தார். பூச்சுக்கூலியும் நாங்கள்தான் கொடுத்தோம். மாதங்கள் ஓடின, பணம் வரவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்தில் நானே மனு கொடுத்தேன். பார்வையிட வந்தவர்களுக்குக் காட்ட எங்களிடம் மிஞ்சியிருந்தது புதுப் பூச்சு மட்டுமே. குவாரித் தரப்பினர் ஒரு நகலை நீட்டினார்கள். "சேதத்துக்கு உரிய தொகை 40,000 ரூபாயை முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி உரிமை கோர மாட்டேன்" என்று இருந்தது. கீழே அம்மாவின் கையெழுத்து. அந்த நாற்பதாயிரத்தில் ஒரு ரூபாயைக்கூட நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை.

அதிர்வை அளக்க முடியாது என்பது பச்சைப் பொய். அதற்குக் கருவி இருக்கிறது, வரம்பும் இருக்கிறது. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997இல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, சாதாரண வீடுகளுக்கு 8 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த, அதாவது நொடிக்கு 8 தடவைக்குக் குறைவாக ஆடும் அதிர்வில், தரை அசையும் வேகத்துக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர்தான் எல்லை. மக்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்கு அனுமதி தரக் கூடாது என்று 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் சொல்கின்றன. அந்தத் தூரத்தைச் சரிபார்க்க, குவாரியின் குத்தகை வரைபடத்தின் நகலை 10 ரூபாய் விண்ணப்பக் கட்டணம் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன்.

அஸ்திவாரம் இறங்கினாலும் சுவர் வெடிக்கும், வெயிலாலும் வெடிக்கும். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் சொல்லும். அதனால் அதிகாரிகள் பார்க்கும்வரை விரிசலைத் தொடாதீர்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி, படம் எடுத்து வையுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். வெடிச்சத்தம் கேட்ட நேரத்தையும் அன்றன்றே நோட்டில் குறியுங்கள். சொத்துச் சேதத்துக்கு, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகச் சட்டம் 5 ஆண்டு அவகாசம் தருகிறது. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இன்றே கையெழுத்துப் போட்டால்தான் உண்டு என்று யாராவது அவசரப்படுத்தினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

போலீசில் புகார் கொடுத்துவிட்டோம். எங்கள் ஊரில் இன்னும் நான்கு வீடுகளில் அவர் இப்படிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். இப்போது வேப்பனப்பள்ளி, சூளகிரிப் பக்கம் போய்வருவதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கே அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் புதுப் பூச்சையும் மீறிப் பழைய கோடு மறுபடி கிளம்பியிருக்கிறது. இந்த முறை அதன்மேல் கண்ணாடி ஒட்டியிருக்கிறேன்.