பைக்கை மூடி ஏற்றிச் செல்ல: ட்ரெய்லரா, பேனல் வேனா, பெட்டி லோரியா?

கோலாலம்பூரில் ‘ட்ரெய்லர்’ என்று சொன்னால், கேட்பவர் கண்முன் வருவது கிள்ளான் துறைமுகத்திலிருந்து நாற்பது அடிக் கொள்கலனை இழுத்து வரும் பெரிய வாகனம்தான். காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் சிறிய மூடு பெட்டியைச் சொல்கிறோம் என்று இரண்டு முறையாவது விளக்க வேண்டியிருக்கும். அந்தப் பெட்டியைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி பனி விழும் நாடுகளிலிருந்து வருவது. அங்கே பனிவண்டிகளை ஏற்றுகிறார்கள். சாலையில் பனியை உருக்கத் தூவும் உப்பு வண்டியில் தெறிக்காமல் இருக்கப் பெட்டி தேவைப்படுகிறது. நமக்குத் தேவை வேறு. இங்கே பெட்டி மழையைத் தடுக்க வேண்டும். அதோடு, உள்ளே சேரும் சூட்டையும் ஈரத்தையும் வெளியே விடவும் வேண்டும். இந்த இரண்டாவது வேலையை மறந்து வாங்கிய பெட்டி, மழையில் நனைந்ததை விடவும் மோசமாக வண்டியைக் கெடுக்கும்.

செந்தூல் பக்கம் எங்கள் நண்பர் குழுவில் ஐந்து பேர். இருவரிடம் பழைய யமஹா ஆர்எக்ஸ்-இசட் இருக்கிறது. மற்றவர்களிடம் செப்பாங் பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுகிற, எண் பலகையும் சாலை வரியும் இல்லாத பைக்குகள் இருக்கின்றன. தடத்துக்கான வண்டியைச் சாலையில் ஓட்டிச் செல்ல முடியாது. பழைய வண்டியைப் பினாங்கு வரை ஏறத்தாழ 350 கிலோமீட்டர் ஓட்டிப் போய்க் கண்காட்சியில் நிறுத்தினால், முதல் நாள் காலை துடைப்பதிலேயே கழிந்துவிடும். மோட்டார் சைக்கிளுக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் டோல் கிடையாது என்பதால், ஓட்டிப் போனால் செலவில்லை, ஏற்றிப் போனால்தான் செலவு என்று வீட்டில் கேட்கும் கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இன்னும் இல்லை.

திறந்த ட்ரெய்லரில் வண்டியை நிறுத்தி மேலே கேன்வாஸ் போர்த்துவதே மலிவான வழி என்று பலரும் சொல்வார்கள். நாங்களும் ஒருமுறை அப்படிச் செய்தோம். தாப்பாவுக்கு அருகில் மழை பிடித்துக்கொண்டது. ஓய்வு நிலையத்தில் நிறுத்திப் பார்த்தபோது கேன்வாஸின் ஒரு மூலை அவிழ்ந்து, பெட்ரோல் டேங்கின் மேல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. துணிக்கும் பெயிண்டுக்கும் இடையில் சிக்கிய மணல், ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு உப்புத்தாள் போலத் தேய்த்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு மினுக்கம் போய், டேங்க் பால் கலங்கிய நிறத்தில் இருந்தது. அதனால் இந்த வழியை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

மூடு ட்ரெய்லருக்கு வருவோம். இதன் உண்மையான பலம் தாழ்ந்த தளம். தரையிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் உயரத்தில் தளம் இருந்தால், இரண்டு மீட்டர் ஏற்றுப்பலகை ஏறத்தாழ 14 டிகிரி சாய்வில் நிற்கும். ஒருவரே வண்டியைத் தள்ளி ஏற்றிவிடலாம். அதே பலகையைத் தொண்ணூறு சென்டிமீட்டர் உயரமுள்ள லோரித் தளத்தில் சாய்த்தால் சாய்வு 27 டிகிரி ஆகிவிடும். இருவர் தள்ள, மூன்றாமவர் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். எஞ்சின் இல்லாததால் பராமரிப்பும் குறைவு. போய்ச் சேர்ந்ததும் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போகலாம்.

ஆனால் இழுப்பதும் ரிவர்ஸ் எடுப்பதும் தனிக் கலை. பெட்டியின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு கொக்கியின் மேல் அமர வேண்டும். தலா இருநூறு கிலோ எடையுள்ள இரண்டு பைக்குகளும் நானூறு கிலோ பெட்டியும் சேர்ந்து எண்ணூறு கிலோ என்றால், கொக்கியில் எண்பது முதல் நூற்றிருபது கிலோ இருக்க வேண்டும். எடை அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், வேகம் கூடக்கூடப் பெட்டி மீன் வால் போல ஆடத் தொடங்கும். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப் பாதையை ஒட்டிய இறக்கத்தில் அது தொடங்கினால், பிரேக்கை அழுத்துவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். கொக்கி உருண்டையின் அளவையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய அளவு 50 மில்லிமீட்டர், அமெரிக்க அளவு இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இந்த இரண்டையும் கலந்து மாட்டுவது ஆபத்து.

சட்டமும் உண்டு. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் வாகனத்தையும் மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. எனவே பட்டறையில் பற்றவைத்துக் கொடுத்த பெட்டியை, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் இல்லாமல், காரின் எண்ணையே பின்னால் எழுதிச் சாலையில் இறக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எல்லாம் சரியாக அமைந்தாலும் கடைசியில் ஒரு கேள்வி நிற்கிறது: பயணம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இதை எங்கே நிறுத்துவது? வரிசை வீட்டின் போர்ச்சில் ஒரு கார் நின்றாலே கேட்டை மூடச் சிரமம். வாசலில் விட்டால் பக்கத்து வீட்டாரின் முகம் மாறும். நிலமும், இழுப்பதற்கு ஹைலக்ஸ் பிக்கப் போன்ற வாகனமும் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு ட்ரெய்லர் அருமையான பொருள். எங்களிடம் இரண்டும் இல்லை.

பக்கவாட்டில் ஜன்னல் இல்லாத சரக்கு வேனான பேனல் வேன் இந்தக் கேள்விக்கு எளிதாகப் பதில் சொல்கிறது. வாரநாளில் வேலைக்கு, வார இறுதியில் பைக்குக்கு என்று ஒரே வாகனம் இரண்டு வேலை பார்க்கும். கூரை தாழ்ந்த வகை ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம் என்பதால், 2.1 மீட்டர் என்று எழுதிய அடித்தள நிறுத்துமிடங்களிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்துவிடலாம். ஜார்ஜ்டவுன் சந்துகளிலும் திரும்பும். டோல் சாவடியிலும் இது காருக்குரிய முதல் வகுப்பிலேயே போகும். குறை என்னவென்றால் தலைக்கு மேல் இடமில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறவர் முதுகை வளைத்தே போக வேண்டும். கண்ணாடிகளைக் கழற்ற வேண்டும். இரண்டு பைக்குகளை ஏற்றினால் ஒன்றின் கைப்பிடி மற்றதன் டேங்கில் இடிக்காமல் முன்பின்னாக நிறுத்த வேண்டும். ஓட்டுநருக்கும் சரக்குக்கும் நடுவில் தடுப்பு இல்லாத வேனில் பெட்ரோல் வாடை முகத்துக்கே வரும். மூன்றாவது பைக்கைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

நான்கு வண்டிகள் என்றால் பெட்டி லோரிதான். வாங்கும்போது பின் டயர்களை எண்ணுங்கள் என்பதே என் முதல் அறிவுரை. ஒரு டன் வகையில் பின்னால் ஒற்றை டயர் உள்ளதும் உண்டு, இரட்டை டயர் உள்ளதும் உண்டு. இரண்டு அச்சும் ஆறு டயரும் இருந்தால் நெடுஞ்சாலையில் அது இரண்டாம் வகுப்பு டோல். பினாங்கு போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்த வித்தியாசம் கையைக் கடிக்கும். தீபகற்பத்தில் டீசல் விலை 2024 ஜூன் 10 அன்று லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளியாக உயர்ந்த பிறகு, ‘லோரி என்றால் சிக்கனம்’ என்ற பழைய கணக்கும் பொய்த்துவிட்டது. வணிக வாகனமாகப் பதிவான லோரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் பரிசோதனைக்கு விட வேண்டும். இவ்வளவும் சேர்த்துப் பார்த்தால், வருடத்தில் நான்கைந்து பயணம் போகிறவர் லோரியை வாங்குவதை விட வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

மூன்றில் எதை எடுத்தாலும் உள்ளே பார்க்க வேண்டியவை ஒரே மாதிரிதான். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. அது தரையோடு தேங்கும். கூரையில் மட்டும் காற்றுத் துளை வைத்த பெட்டியில் அந்த ஆவி வெளியேறாது. தளத்தை ஒட்டியும் துளை வேண்டும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டே ஏற்ற வேண்டும். தளத்துக்குப் புள்ளிக்கோடு போட்ட அலுமினியத் தகடு பார்க்க அழகாக இருக்கும். ஈரக் காலணியோடு ஏறினால் வழுக்கும். ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டின் மேல் ரப்பர் விரிப்பு போட்டால் காலும் நிற்கும், டயரும் நிற்கும். கட்டுவதற்கான வளையங்கள் தகட்டில் திருகப்படாமல், அடியில் இருக்கும் சட்டத்தில் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். நான்கு பட்டைகள், முன் சக்கரத்துக்கு ஒரு பிடிப்பான், பக்கவாட்டுத் தாங்கியை மடக்கி வண்டியை நேராக நிறுத்துவது, முன் ஃபோர்க் முழுவதும் அமுங்கிவிடாமல் அளவோடு இறுக்குவது ஆகியவை போதும். ஃபோர்க்கை அடிவரை இறுக்கி ஐந்து மணி நேரம் ஓட்டினால், எண்ணெய் சீல் கசியும் வாய்ப்பு உண்டு.

எங்கள் குழுவில் மூத்தவர் கடைசி வரை ட்ரெய்லர் பக்கம்தான் நின்றார். “அண்ணே, நீங்க ரிவர்ஸ் எடுத்துக் காட்டுங்க, நாங்க காசு போடுறோம்” என்று ஒரு தம்பி சொன்னதும் எல்லாரும் சிரித்துவிட்டோம், அவரும் சிரித்தார். பழைய பேனல் வேன் ஒன்றைக் கூட்டாக வாங்கினோம். நான்கு வண்டிகள் போக வேண்டிய நாளில் ஒற்றை டயர் லோரியை வாடகைக்கு எடுக்கிறோம். வேனின் தளத்தை ஒட்டி இரண்டு பக்கமும் காற்றுத் துளை வெட்டும் வேலை அடுத்த சனிக்கிழமை பட்டறையில் நடக்கிறது.