எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. மாத்திரை: சேலத்து வெயிலுக்கு ஒத்துவருமா?

சர்க்கரை நோய்க்குத் தரப்படும் இந்த மாத்திரை, 2025 மார்ச்சில் காப்புரிமை முடியும் வரை ஒன்று 60 ரூபாய் பக்கம் விற்றது. இப்போது பல கம்பெனிகளின் ஜெனரிக் 15 ரூபாய்க்குள் வந்துவிட்டது. மாதச் சம்பளக் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

உடம்பு இளைக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். சராசரியாகக் குறைவது 2 கிலோ அளவுதான். சர்க்கரையோடு இதயத்தின் பம்பிங்கும் குறைந்தவர்களுக்கு இதன் பலன் அதிகம். சிறுநீரகம் திரும்ப இழுத்துக்கொள்ளும் சர்க்கரையை இது தடுத்து, நாளுக்கு 60 முதல் 80 கிராம் வரை சிறுநீரில் வெளியேற்றுகிறது. கூடவே உப்பும் நீரும் போவதால் இதயத்தின் சுமை குறைகிறது. லேபில் யூரின் சுகர் மூன்று பிளஸ் காட்டினால் பதற வேண்டாம், மாத்திரை வேலை செய்கிறது என்றே பொருள்.

சர்க்கரையும் இதய நோயும் உள்ள 7,020 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், இதயக் காரணத்தால் இறந்தோர் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 5.9 சதவீதம், இதை எடுத்தவர்களில் 3.7 சதவீதம். ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் தெளிவாகக் குறையவில்லை. இதை நம்பி ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் விட்டுவிடக் கூடாது.

குறைகளில் முதலாவது, பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று. சர்க்கரை கலந்த சிறுநீரும் வியர்வையும் சேர்ந்தால் அரிப்பு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து, பருத்தி உள்ளாடை அணிந்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஏப்ரல், மே வெயிலில் நீர்மாத்திரையும் (சிறுநீரை அதிகம் போக்கும் மாத்திரை) சேர்த்து எடுப்பவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். அப்போது நீர்மாத்திரையின் அளவை மருத்துவரிடம் கேட்டுக் குறைக்க வேண்டியிருக்கும்.

நாம் உண்மையிலேயே அஞ்சுவது விரதத்துக்குத்தான். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்துகொண்டு இதைப் போட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறி அமிலம் கூடலாம். மீட்டரில் சர்க்கரை 250க்குக் கீழே இருக்கும்போதே இது நடக்கும், அதனால் வீட்டில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், மாத்திரையின் பெயரைச் சொல்லி கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். விரத நாளில் மாத்திரை வேண்டுமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளிலும் நிறுத்திவிட்டு அவரை அழையுங்கள். அறுவை சிகிச்சை என்றால் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தவே கூடாது. கிளிமெபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு லோ சுகர் வராமல் அதன் அளவைக் குறைக்க வேண்டிவரலாம்.

தினமும் காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ. கடையில் பட்டையைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். மெட்ஃபார்மின் என்ற வேறொரு சர்க்கரை மருந்து சேர்ந்த பட்டையும் விற்கிறார்கள். ஏற்கெனவே மெட்ஃபார்மின் எடுப்பவர் அதையும் வாங்கிப் போட்டால் அது இரண்டு முறை உள்ளே போய்விடும்.