செஸ் கிளப்பா, ஆன்லைனா, கோச்சா? ஆட்டம் முன்னேற எனக்கு எது கை குடுத்துச்சு

ரொம்ப நாளா ஆன்லைன்ல மட்டும் ஆடிட்டு இருந்துட்டு அப்புறம் கிளப்ல சேர்ந்தவன் நான், அதனால கிளப் பக்கம்தான் சாய்வேன், நடுநிலைன்னு நடிக்கப் போறதில்ல.

ஆன்லைனோட பலம் ஊரறிஞ்சது. ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆள் கிடைக்கும், லிச்செஸ்ங்கிற செஸ் சைட்ல எல்லாமே இலவசம், விளம்பரம்கூட வராது, பசில் எவ்வளவு வேணா போட்டுத் தள்ளலாம். டாக்டிக்ஸ் (ரெண்டு மூணு மூவ்ல காய் பறிக்கிற தந்திரம்) பழகுறதுக்கும் ஒரு ஓப்பனிங்கை (ஆட்டத்தோட ஆரம்ப மூவ்களை) திரும்பத் திரும்ப ஆடிப் பாக்குறதுக்கும் அதை அடிச்சுக்க ஆளே இல்ல. அங்க வர்ற ரேட்டிங்கை (ஆட்ட பலத்தைச் சொல்ற எண்) மட்டும் ரொம்ப நம்பாதீங்க. லிச்செஸ்ல சேர்ற எல்லாருக்கும் 1500தான் ஆரம்பம், கணக்குப் போடுற முறை கிளிக்கோ-2. உலக செஸ் சம்மேளனமான ஃபிடேவுக்கு எலோங்கிற வேற முறை, அதுல 2024 மார்ச்சுல இருந்து 1400க்கு கீழ ரேட்டிங்கே கிடையாது. ரெண்டையும் பக்கத்துல வச்சு சண்டை போடுறது வெட்டி வேலை.

கிளப்ல நேர்ல ஆடும்போது தொட்ட காயைத்தான் நகர்த்தணும், ப்ரீமூவ் (எதிராளி ஆடுறதுக்கு முன்னாடியே நம்ம மூவைப் போட்டு வைக்கிறது) கிடையாது, நீள ஆட்டம்னா ஒவ்வொரு மூவையும் எழுதணும், அதுவும் ஆடிட்டுத்தான் எழுதணும், முன்னாடியே எழுதி வச்சுட்டு யோசிக்கிறதை ஃபிடே விதி அனுமதிக்காது. இதெல்லாம் அவசரக் கையைக் கட்டிப் போடும், நல்லதுதான். ஆனா இதுக்காக மட்டும்னா கிளப்புக்குப் போகணும்னு சொல்ல மாட்டேன், வீட்டுலயே போர்டை வச்சுக்கிட்டு ஆன்லைன்ல ஒரு மணி நேர ஆட்டம் ஆடினா பாதி பழக்கம் வந்துடும்.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது ஆட்டம் முடிஞ்சப்புறம் நடக்குற போஸ்ட்மார்ட்டம்தான். கை குலுக்கிட்டு, காயை எல்லாம் பழைய இடத்துல வச்சு, ரெண்டு பேரும் உட்கார்ந்து "இங்க நீ என்ன யோசிச்ச"ன்னு கேட்டுக்கறது. ஆன்லைன்ல இது கிட்டத்தட்ட நடக்கவே நடக்காது, ஜெயிச்சவன் அடுத்த ஆட்டத்துக்குப் போயிடுவான், தோத்தவன் ரீமேட்ச் அமுக்குவான்.

ஆட்டத்தை அலசிச் சொல்ற கம்ப்யூட்டர் இன்ஜின் இருக்கேன்னு கேப்பீங்க. ஸ்டாக்ஃபிஷ்ங்கிற இன்ஜின் எந்த மனுஷனையும் விட பல மடங்கு பலம், சந்தேகமே இல்ல, எங்க கோட்டை விட்டோம்னு நொடியில காட்டிடும். ஆனா அதுக்கு எதிராளியோட மனசு தெரியாது. கிளப்ல ஒரு ஆட்டம், எதிர்ல ஆடினவருக்கு ஒரு சிப்பாய் அதிகம், ரெண்டு பேருக்கும் குயின், ஒரு ரூக், ஒரு பிஷப், ஆனா பிஷப் ரெண்டும் வேற வேற நிறக் கட்டம். என் ராஜா பக்கம் தொறந்து கிடக்கு, அவரோட பிஷப் ஆடுற கட்டங்கள்ல என் பிஷப்பால காவல் நிக்கவே முடியாது. அவர் ஒரு சிப்பாய் கூட இருக்குன்னு நிம்மதியா குயினுக்குக் குயின் வெட்டி மாத்தினார், கொஞ்ச நேரத்துல ரூக்கையும் மாத்தினார், ஆட்டம் டிரா ஆயிடுச்சு. முடிஞ்சதும் "நீங்க குயினை வச்சிருந்தா நான் செத்தேன்னு நெனச்சுட்டு இருந்தேன்"னு சொன்னேன், மனுஷன் ஆடிப் போயிட்டார். அப்புறம் இன்ஜின்ல போட்டுப் பாத்தோம், குயினை மாத்துன இடத்துல ஒரு எச்சரிக்கையும் இல்ல, அவர் நிலைமைக்கு இன்ஜின் குடுக்குற மதிப்பு லேசா இறங்கியிருந்துச்சு, அவ்வளவுதான். வேற வேற நிற பிஷப் இருந்தா குயின் ரூக்கோட இருக்குற வரைக்கும் தாக்குறவனுக்கு லாபம், அதெல்லாம் போயிட்டா ஒரு சிப்பாய் அதிகமா இருந்தும் பல சமயம் டிரா, இது புக்குல இருக்குறதுதான். ஆனா எதிர்ல இருந்தவன் வாயால கேட்டா அது மறக்காது, அடுத்த தடவை குயின் மேல கை போறப்பவே ஞாபகம் வரும். எனக்கும்தான், நான் எதைப் பாத்து பயந்தேன்னு வாய் விட்டு சொன்னப்போதான் எனக்கே தெளிவாச்சு.

கிளப்புக்கும் குறை உண்டு. வாரத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோதான், போக வர நேரம் போகும், அதே முகங்கள் அதே ஓப்பனிங், ஒரு கட்டத்துல அவங்கவங்க ஆட்டம் மனப்பாடம் ஆயிடும். உங்க கிளப்ல நீங்களே பெரிய ஆள் ஆயிட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு எனக்கு அனுபவம் இல்ல, அந்தக் கவலை இன்னும் வரல.

எல்லா கிளப்பும் ஒண்ணு கிடையாது. சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் போய் சும்மா ஓரமா உட்கார்ந்து பாருங்க, ஆட்டம் முடிஞ்சதும் காயைத் திரும்ப வச்சு பேசறாங்களா, இல்ல உடனே கிளாக்கை மூணு நிமிஷத்துக்குத் திருப்பி அடுத்த பிளிட்ஸ் ஆரம்பிக்கிறாங்களா. ரெண்டாவது ரகம்னா கலகலப்பா இருக்கும், ஆனா அந்த பிளிட்ஸை வீட்டுல இருந்தே ஆடிக்கலாமே.

கோச் பத்தி என்னால பெருசா சொல்ல முடியாது, நான் வச்சுக்கிட்டதில்ல. வச்சுக்கிட்டவங்க பேச்சைக் கேட்டா, எதை எந்த வரிசையில படிக்கணும்ங்கிற குழப்பம் போயிடுதாம், குழந்தைகளுக்கு அது முக்கியமா இருக்கலாம். ஆனா கோச்சும் முதல்ல உங்க ஆட்டத்தைக் கொண்டு வாங்கன்னுதான் கேப்பாராம், அதுக்கு எழுதி வச்ச நீள ஆட்டம் கையில இருக்கணும், அதனால கோச் வேணும்னு தோணுறவங்களும் கொஞ்ச நாள் கிளப்ல ஆடிட்டு அந்த ஸ்கோர்ஷீட்டோட போங்க.