கராஜ் சுவருக்கு ரெஜிபோம் வைக்கப்போகிறவர்கள் கவனம்

யாழ்ப்பாணத்தில் கராஜுக்கு உள்ளே ரெஜிபோம் (வெக்கையைத் தடுக்க வைக்கிற வெள்ளை நுரைப் பலகை) வைத்து, ஜிப்சம் போட் அடித்துப் பட்டறையாக்க நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.

கோண்டாவிலில் வீட்டோடு ஒட்டிய கராஜ். 12 அடிக்கு 20 அடி, சீமெந்துக்கல் சுவர், மேலே தகரம். ஓய்வுபெற்ற பிறகு தச்சுவேலைக்கு ஒதுக்கினேன். மேற்குச் சுவர் பின்னேரத்தில் தோசைக்கல்தான். கொந்தராத்துக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "ஐயா, நாலு சுவருக்கும் 2 அங்குல ரெஜிபோம் வைச்சு, ஈரம் தாங்கிற பச்சை ஜிப்சம் போட் அடிச்சுத் தாறன். ஏசி போட்ட மாதிரி இருக்கும்." இரண்டே முக்கால் லட்சம், பாதி முற்பணம். சரி என்றேன்.

வேலை நடந்த நாட்களில் வவுனியாவில் ஒரு கலியாண வீடு. திரும்பி வந்தால் பெயின்ற் வரை முடிந்திருந்தது. சுவிட்ச் பெட்டிக்கு விட்ட துவாரத்தில் டோர்ச் அடித்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அந்த ஒரு துவாரத்தை வைத்தே என்னைப் பேய்க்காட்டிவிட்டார்.

ஐப்பசி மழை தொடங்கி இரண்டாம் கிழமை, போட்டின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்பு ஏறியது. விரலால் அழுத்தினேன், தேத்தண்ணியில் ஊறிய றஸ்க் மாதிரி உள்ளே போனது. பிய்த்துப் பார்த்தால் சாதாரண வெள்ளைப் போட். பெயின்ற் அடித்த பிறகு பச்சையா வெள்ளையா என்று யாருக்குத் தெரியும்? அரை அங்குலமாவது தூக்கி அடிக்க வேண்டியதை நேரே தரையில் குந்த வைத்திருந்தார்.

அப்புறம் தட்டு அடிக்கத் துளையிட்டபோது ட்ரில் வெறும் காற்றுக்குள் பாய்ந்தது. ஒரு போட்டைக் கழற்றினேன். நெஞ்சளவுக்குத்தான் ரெஜிபோம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதுவும் ஓர் அங்குலம். சதுர அடித் துண்டு ஒன்றை வெட்டிக் குசினித் தராசில் வைத்தேன்: 24 கிராம். கனமீட்டருக்கு 16 கிலோ அடர்த்தியில் 2 அங்குலம் வைத்திருந்தால் 75 கிராம் காட்டியிருக்கும். தடிப்பும் பாதி, அடர்த்தியும் குறைவு.

எனக்குப் பயம் வந்தது வயரைக் கண்டபோதுதான். குழாய் இல்லாமல் ரெஜிபோமை உரசிக்கொண்டு கிடந்தது. பிவிசி வயர் ரெஜிபோமில் பட்டுக்கொண்டு கிடந்தால் நாளடைவில் அதன் மேலுறை விறைத்து வெடிப்பு விழும். மரத்தூள் பறக்கிற பட்டறையில், தீப்பிடிக்கக்கூடிய ரெஜிபோமுக்குப் பக்கத்தில்.

என் மடைத்தனமும் உண்டு. புழுக்கத்தில் பெரும்பங்கு தலைக்கு மேலே தகரத்திலிருந்து வருகிறது. அதைத் தொடாமல் சுவரை மூடி என்ன பயன்? பற்றுச்சீட்டும் இல்லை, கொப்பித்தாளில் "சுவர் வேலை முழுவதும்" என்று ஒரு வரி மட்டும். ரெஜிபோமின் தடிப்பு, போட்டின் வகை, வயருக்குக் குழாய், எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். மூடுமுன் ஒவ்வொரு சுவரையும் நீங்களே நின்று படம் எடுங்கள்.

தொலைபேசியில் கேட்டதற்கு, "மழைக்கு நான் என்ன செய்யிறது ஐயா?" என்றார். அதற்குப் பிறகு ஆள் எடுப்பதில்லை. கழற்றிய ரெஜிபோம் கோழிக்கூட்டுக்குப் பின்னால் குவிந்து கிடக்கிறது. கோழிகள் கொத்திக் கொத்தி முற்றமெல்லாம் வெள்ளைப் பொட்டு, கூட்டுகிற மனிசியிடம் எனக்குத் தினமும் ஏச்சு.